கோபன்ஹேகன் குளிரும் நானும் - 17: தம்பியோட பழைய பொட்டி

போன ஞாயித்துக்கிழமை ஊருக்கு ஃபோன் போட்டேன். சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா, அங்க சூரியன் வந்துச்சா இல்லியான்னு அம்மா வழக்கமான கேள்வியெல்லாம் முடிச்சப்புறம், ஃபோன் தம்பி கைக்குப் போச்சு. பயபுள்ள தானா வந்து பேசுறான்னாலே ஏதோ காரியம் இருக்குன்னு அர்த்தம்.

"அண்ணே, அந்த ஜேம்ஸ் பாண்ட் கேம் நம்ம பிஎஸ்4-க்கு வருமா?"

"வராதுடா."

"நல்லா பாத்துச் சொல்லுண்ணே. அந்தக் கம்பெனி உங்க ஊருதானே? சைக்கிள எடுத்துட்டுப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தா என்ன?"

அவன் நினைப்புல கோபன்ஹேகன்ங்கிறது திண்டுக்கல் மாதிரி ஒரு ஊரு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, "அண்ணே, இந்த மொட்டைத்தலை கேம் பண்றவங்க ஆபீஸ் எங்க இருக்கு?"ன்னு கேட்டா வழி சொல்லுவாங்க. நானும் ரெண்டு வருஷமா இங்க மாஸ்டர்ஸ்ங்கிற பேர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். அந்தக் கம்பெனி வாசல்ல ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டு டீ குடுக்கல :-)

ஆனா அவன் கேட்ட கேள்வி மண்டைக்குள்ள வண்டு மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா இதே கம்பெனி, இதே ஊர்ல இருந்து, ரெண்டு தடவை பழைய பொட்டிக்காரங்களைக் கைவிடாம கேம் குடுத்திருக்கு. அந்த ரெண்டு கேமையும் நான் விளையாடியிருக்கேன். இப்ப மூணாவது தடவை கைய விரிச்சுட்டாங்க. ஏன்? இன்னிக்குப் பதிவு அதைப் பத்தித்தான். கேம் பக்கமே தலைவச்சுப் படுக்காத மக்களும் தைரியமா படிக்கலாம், அடிப்படையிலேர்ந்தே சொல்றேன்.

கேம் விளையாடுற பொட்டி இருக்கு பாருங்க, கன்சோல்னு சொல்லுவாங்க. சோனியோட பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோன்னு மூணு பெரிய கடை. ஆறு ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை இவங்க புதுப் பொட்டி விடுவாங்க. பிஎஸ்2 வந்தது 2000-ல, பிஎஸ்3 2006-ல, பிஎஸ்4 2013-ல, பிஎஸ்5 2020-ல. இதைத்தான் தலைமுறைன்னு சொல்றாங்க. புதுசு வந்த அன்னிக்கே உலகம் பூரா பழசைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா கேம் பண்றவனுக்கு வேலை சுலபம். ஆனா யாரு போடுறா? நம்ம ஊர்ல சிடி வந்தப்புறமும் எத்தனை வருஷம் பாட்டு கேசட்டாவும் வந்துக்கிட்டு இருந்துச்சு? மினி பஸ்ஸுலயும் டீக்கடையிலயும் இருந்தது கேசட் பிளேயர். பாட்டு அங்க ஓடணும்னா கேசட் போட்டுத்தான் ஆகணும். எங்கப்பாவோட கேசட் பொட்டி இன்னும் பரண்ல இருக்கு, தொட்டா உதைப்பார்.

சரி, கொசுவத்தி சுத்துறேன். 2011-ன்னு நினைக்கிறேன், நான் அப்போ அஞ்சாப்பு. எங்க தெருமுனையில ஒரு அண்ணன் பிஎஸ்2 கடை வச்சிருந்தார். நாலு டிவி, நாலு பொட்டி, ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு 20 ரூபா. கவனிங்க, 2011-ல பிஎஸ்3 வந்தே அஞ்சு வருஷம் ஆகிப்போச்சு. எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அந்தக் கடையிலதான் முதல் தடவையா அந்த மொட்டைத்தலைய பார்த்தேன். பேரு 47. பேரே நம்பர்தான், பின்னந்தலையில பார்கோடு. வேலை, கூலிக்குக் கொலை. கேம் பேரு ஹிட்மேன்: பிளட் மணி. 18 வயசு ஆனாத்தான் விளையாடணும்னு அட்டையில போட்டிருக்கும். எங்க கடையிலதான் அட்டையே கிடையாதே, திருட்டு டிஸ்க்கு, மேல மார்க்கர்ல "கொலை கேம்"னு எழுதியிருக்கும்!

அதுல நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு திருவிழா வரும், மார்டி கிரா. தெரு பூரா ஜனம். கும்பாபிஷேகத்துக்கு நிக்கிற மாதிரி ஆட்டமும் பாட்டமுமா நிப்பாங்க. அதுக்குள்ள புகுந்து ஆளைத் தேடணும். நான் வேலைய மறந்துட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள சும்மா நடந்துக்கிட்டே இருப்பேன். 20 ரூபா கரைஞ்சிரும்.

அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிய வித்தைன்னு இப்ப படிக்கிறப்பதான் புரியுது. பிஎஸ்2-வோட மெமரி எவ்வளவு தெரியுமா? 32 எம்பி. நீங்க இன்னிக்கு ஃபோன்ல எடுக்குற அஞ்சாறு ஃபோட்டோ அந்த அளவு வந்துரும். அதுக்குள்ள ஒரு தெரு, கட்டடம், சத்தம், அத்தனை ஜனம்! கூட்டத்துல நிக்கிற எல்லாருக்கும் முழு மூளை குடுக்க முடியாது. பின்னாடி ஆடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஆடத் தெரியும், துப்பாக்கி சத்தம் கேட்டா ஓடத் தெரியும், அவ்வளவுதான். காவக்காரங்க, குறி வச்ச ஆளு, இவங்களுக்கு மட்டும்தான் நிஜமான புத்தி.

இதைப் பண்ணவங்கதான் ஐஓ இன்டராக்டிவ். 1998-ல கோபன்ஹேகன்ல ஆரம்பிச்சாங்க. 2004-ல ஐடோஸ் வாங்குச்சு. 2009-ல ஐடோஸையே ஜப்பான்காரன் ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கிட்டான், அதோட இவங்களும் கைமாறினாங்க. பிளட் மணி வந்தது 2006 மே மாசம். பிஎஸ்2, பழைய எக்ஸ்பாக்ஸ், பிசி, அப்புறம் அப்பதான் அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்த புத்தம்புது எக்ஸ்பாக்ஸ் 360, நாலுக்கும் ஒரே நேரத்துல விட்டாங்க.

ஏன் நாலு? கணக்கைப் பாருங்க. 2005 நவம்பர்ல சோனி சொன்ன கணக்குப்படி பிஎஸ்2 மட்டும் 10 கோடி பொட்டி கடைகளுக்குப் போயாச்சு. எக்ஸ்பாக்ஸ் 360, 2006 ஜூன் முடிய 50 லட்சம். ஒண்ணுக்கு இருபது! புதுப் பொட்டிக்கு மட்டும் கேம் பண்றது, ஒரு ஊர்ல இருபது தெரு இருக்கும்போது ஒரு தெருவுல மட்டும் கடை விரிக்கிற கதை. அந்த ஒரு தெருக்காரங்க புதுசா வீடு கட்டி வந்தவங்க, கையில காசோட சுத்துறவங்க, வாஸ்தவம்தான். ஆனா மிச்சம் பத்தொம்பது தெருவையும் விட்டுட்டு எந்த முதலாளியும் போகமாட்டான்.

இன்னொண்ணு, ஒரு பெரிய கேம் முடியறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும், இப்பல்லாம் இன்னும் ஜாஸ்தி. வேலைய ஆரம்பிக்கிறப்ப புதுப் பொட்டியே பிறந்திருக்காது. பழைய பொட்டிய மனசுல வச்சுத்தான் முதல் செங்கல் வைப்பாங்க. பாதி வழியில "புதுசு வருது, மாத்து"ன்னா அதுவரைக்கும் போட்ட காசு? அதனால இந்த மாற்ற காலத்துல வர்ற முக்கால்வாசி கேம், பழைய பொட்டிக்குக் கட்டி, புதுப் பொட்டிக்கு வெள்ளையடிச்சதுதான். பிளட் மணியும் அப்படித்தான். 360-ல படம் இன்னும் பளிச்சுன்னு இருக்கும், இடமும் ஆட்டமும் அதேதான். அதனால தெருமுனை அண்ணன் கடையில நான் விளையாடினது, கோபன்ஹேகன்ல ஒரு பணக்காரப் பையன் 360-ல விளையாடின அதே கேம். அரைகுறை இல்ல. இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

(ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். அந்த 10 கோடியில அண்ணனோட நாலு பொட்டியும் சேர்த்திதான். ஆனா அதுல ஓடின டிஸ்க்குக்கு கோபன்ஹேகனுக்கு ஒத்தப் பைசா போகல. அவங்க எங்களுக்காகப் பழைய பொட்டிய ஆதரிக்கல, காசு குடுத்து வாங்கின ஐரோப்பாக்காரனுக்காகவும் அமெரிக்காக்காரனுக்காகவும் ஆதரிச்சாங்க. நாங்க ஓசியில ஒட்டிக்கிட்டோம்.)

நம்ம நாட்டுக் கதையையும் சொல்லிடறேன். இந்தியாவுல பிஎஸ்2-வுக்குன்னே கேம் பண்ண ஆரம்பிச்சது எப்போ தெரியுமா? பிஎஸ்3 வந்தப்புறம்! ஐதராபாத்துல ஆரோனா கம்பெனி பண்ண அனுமான்: பாய் வாரியர் 2009-ல பிஎஸ்2-வுக்கு வந்துச்சு. அடுத்து தேசி அட்டான்னு கபடி எல்லாம் வெச்சு ஒண்ணு, அதுவும் ஐதராபாத், கேம்சாஸ்த்ரா. மும்பையில ட்ரைன் கேம்ஸ், தெரு கிரிக்கெட் பண்ணாங்க. 2011-ல ஷாருக்கானோட ரா ஒன் படத்துக்கு வந்த கேம் பிஎஸ்3, பிஎஸ்2 ரெண்டுக்கும். டான் 2 கேம் வந்தது 2013-ல, பிஎஸ்2-வுக்கு! அந்த வருஷம் ஜனவரியோட உலகம் பூரா பிஎஸ்2 தயாரிப்பையே சோனி நிறுத்தியாச்சு, நவம்பர்ல பிஎஸ்4 வந்தாச்சு. சிரிக்காதீங்க. இங்க இருந்த பொட்டி அதுதான். கேமோட தரத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, அனுமாரே மன்னிக்கட்டும்.

இது ஏதோ நம்ம மாதிரி ஏழை நாட்டுப் பிரச்சனைன்னு நினைச்சீங்கன்னா, அதுவும் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு, கூடத் தங்கியிருக்கிற டேனிஷ் பொண்ணு யூலாந்துல அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அவளோட மோர்மோர் வீடு. (மோர்னா அம்மா, மோர்மோர்னா அம்மாவோட அம்மா. நம்ம அம்மாச்சி! இதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு டேனிஷ் மேல ஒரு பாசம்.) வாத்துக்கறி, உருளைக்கிழங்கு எல்லாம் முடிஞ்சதும் அம்மாச்சி கூடத்துல டிவிக்கு அடியிலேர்ந்து ஒரு வெள்ளைப் பொட்டிய எடுத்தாங்க. நின்டெண்டோ வீ. 2006-ல வந்த சாமான். உள்ள இருந்த டிஸ்க்கு ஜஸ்ட் டான்ஸ் 2019! டிவிய பார்த்து ஆடணும், அதான் கேம். பேரன் பேத்தி எல்லாம் ஆடுச்சு, நானும் ஆடி மானத்தை வாங்கிக்கிட்டேன்.

வீ தயாரிப்பு 2013-லயே நின்னு போச்சு. ஆனா யுபிசாஃப்ட் கம்பெனி 2019 நவம்பர் வரைக்கும், ஜஸ்ட் டான்ஸ் 2020 வரைக்கும், வருஷா வருஷம் வீ-க்கு டிஸ்க் போட்டுச்சு. இதுல காமெடி என்னன்னா, அதே ஜஸ்ட் டான்ஸ் 2020, கூகுளோட ஸ்டேடியாவுக்கும் வந்துச்சு. பொட்டியே வேணாம், இன்டர்நெட் இருந்தா போதும், இதுதான் எதிர்காலம்னு தம்பட்டம் அடிச்சாங்களே, அது. 2023 ஜனவரியில ஸ்டேடியாவுக்கு ஊத்தி மூடியாச்சு. அம்மாச்சி வீட்டு வீ இன்னும் ஓடுது :-)

இப்படிப்பட்ட கேமை வாங்குறவங்க கேம் வெறியர்கள் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை பொட்டிய எடுக்கிற குடும்பம். அவங்களுக்காகப் புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம், போன வருஷ கேம்ல பாட்டை மாத்தினா போதும். ஃபிஃபா ஃபுட்பால் கேமும் இதே டெக்னிக்தான், பிஎஸ்2-வுக்கு 2013-ல ஃபிஃபா 14 வரைக்கும், பிஎஸ்3-க்கு 2018-ல ஃபிஃபா 19 வரைக்கும் வந்துச்சு. கடைசி வருஷங்கள்ல ஆட்களும் ஜெர்சியும் மட்டும் மாறும், ஆட்டம் பழசு. செலவு கம்மி, வந்த வரைக்கும் லாபம்.

இப்ப ரெண்டாவது தடவைக்கு வருவோம், 2021.

2017 மே மாசம் ஸ்கொயர் எனிக்ஸ், ஐஓ-வைக் கழட்டி விடப் போறோம்னு அறிவிச்சுது. ஒரு மாசம் இவங்க டவுசர் கிழிஞ்சிருக்கும். ஜூன்ல நிர்வாகத்துல இருந்தவங்களே கம்பெனிய வாங்கிட்டாங்க, 47-ஐயும் கூடவே கொண்டு வந்துட்டாங்க. தலைமை ஹாகன் அப்ராக். அதுக்கப்புறம் 2018-ல ஹிட்மேன் 2-வ வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டுச்சு (அதுல ஒரு கட்டம் மும்பைச் சேரி, டென்மார்க்ல உக்காந்து நம்ம ஊர்க் கூட்டத்தை நல்லாவே பண்ணியிருப்பாங்க). 2021 ஜனவரி 20, ஹிட்மேன் 3. இதை முதல் தடவையா தாங்களே வெளியிட்டாங்க. கவுந்தா தாங்கறதுக்கு மேல முதலாளி யாரும் இல்ல.

அப்போ நிலவரம் என்ன? பிஎஸ்5 வந்து ரெண்டு மாசம். 2020 டிசம்பர் முடிய 45 லட்சம் பொட்டி போயிருந்துச்சு. சிப் தட்டுப்பாடு வேற, காசு வச்சிருந்தவனுக்கே கிடைக்கல. பிஎஸ்4-ஓ 11 கோடிக்கு மேல. திரும்பவும் ஒண்ணுக்கு இருபதுக்கும் மேல! பதினஞ்சு வருஷம் கழிச்சு, அதே ஊரு, அதே கம்பெனி, அதே மொட்டை, கிட்டத்தட்ட அதே கணக்கு. இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்கே புல்லரிச்சிருச்சு.

இந்தியாவுக்கு பிஎஸ்5 எப்ப வந்துச்சு? 2021 பிப்ரவரி 2. விலை 49,990 ரூபா. அதாவது ஹிட்மேன் 3 வெளிவந்த அன்னிக்கு இந்தியாவுல எந்தக் கடையிலயும் முறைப்படி பிஎஸ்5 கிடையாது. பிஎஸ்4-க்கு மட்டும் அது வராம இருந்திருந்தா, எங்க வீட்டுல அதைத் தொட்டே பார்த்திருக்க முடியாது. ஊரடங்கு சமயத்துல நானும் தம்பியும் சேர்த்து வச்ச காசுல மதுரையில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல பிஎஸ்4 வாங்கியிருந்தோம். ஹிட்மேன் 3-ய தள்ளுபடியில, காசு குடுத்து வாங்கினோம். கொலை கேம் டிஸ்க்குக்கான பாவத்தை அன்னிக்குக் கழுவிட்டேன்.

போட்ட காசு மொத்தமும் ஒரு வாரத்துக்குள்ள திரும்பிடுச்சுன்னு அப்ராக் அப்புறம் சொன்னார். பிஎஸ்5-ஐ மட்டும் நம்பியிருந்தா அது நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

எண்ணிக்கைய தாண்டி இன்னொரு காரணமும் இருக்கு. ஹிட்மேன் 1, 2, 3 மூணும் ஒரே வீட்டோட மூணு மாடி மாதிரி. முதல் ரெண்டையும் வாங்கினவன் அந்த இடங்களை மூணாவதுக்குள்ள கொண்டு வரலாம், சேர்த்து வச்சதும் கூட வரும். இதை பிஎஸ்4-ல அஞ்சு வருஷமா வாங்கிச் சேர்த்தவனைப் பார்த்து "மேல் மாடிக்கு வரணும்னா வேற வீடு வாங்கு"ன்னு சொல்ல முடியுமா? பிசியில கடை மாறினப்போ, பழசைத் திரும்ப காசு குடுத்து வாங்கணுமோன்னு ஒரு குழப்பம் வந்து, ஜனங்க போட்ட சத்தத்துல ஐஓ மன்னிப்பு கேட்டு சரி பண்ண வேண்டியதாப் போச்சு. பொட்டி விஷயத்துல அந்த வம்பே வச்சுக்கல. பிஎஸ்4-ல வாங்கினவனுக்கு பிஎஸ்5 பதிப்பு சும்மா குடுத்தாங்க. 2023-ல வந்த ஃப்ரீலான்சர் ஆட்டமும் பழைய பொட்டிக்கும் சேர்த்தே வந்துச்சு.

2006-ஐ விட 2021-ல ரெண்டு பொட்டிக்கும் சேர்த்துப் பண்றது லேசுதான். அப்போ பிஎஸ்2-வுக்கு ஒரு சிப்பு, எக்ஸ்பாக்ஸுக்கு இன்டெல், 360-க்கு ஐபிஎம், ஒண்ணுக்கொண்ணு பாஷையே வேற. பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் ரெண்டுமே ஏஎம்டி, ஒரே குடும்பம். அண்ணன் சட்டைய தம்பிக்குப் பிடிச்சுத் தைக்கிற வேலைதான்.

ஆனா லேசுன்னா சும்மா இல்ல மக்களே. இங்கதான் நான் வாங்கின பல்பு வருது. போன செமஸ்டர்ல நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கேம் பண்ணோம். லேப்ல இருந்த நல்ல மெஷின்ல வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. டெமோ அன்னிக்கு மதிப்பெண் போடுறவர் தன்னோட பழைய லேப்டாப்ல ஓட்டச் சொன்னார். கதவைத் திறந்ததும் படம் அப்படியே நின்னுச்சு. ஒரு நொடி, ரெண்டு, மூணு... எங்க நாலு பேருக்கும் அந்தக் குளிர்லயும் வேர்த்துச்சு. அப்புறம் ரெண்டு வாரம் ராத்திரியெல்லாம் உக்காந்து, கதவுக்கு முன்னாடி ஒரு நீளமான நடைபாதை வச்சோம். ஆளு நடந்து வர்றதுக்குள்ள அடுத்த ரூம் லோடு ஆகிடும். பெரிய கேம்ல எல்லாம் ஆளு குறுகலான சந்துல ஒடுங்கி ஒடுங்கிப் போவான், லிஃப்டு மெதுவா ஏறும், பார்த்திருப்பீங்க. நிறைய இடத்துல அதுக்குக் காரணம் இதுதான். பிஎஸ்4-ல இருக்கிறது பழைய சுத்துற ஹார்டு டிஸ்க்கு, நொடிக்கு 50லேர்ந்து 100 எம்பி எடுத்துக் குடுத்தா பெரிசு. பிஎஸ்5 நொடிக்கு 5.5 ஜிபி. பழசையும் ஆதரிக்கணும்னா சந்து இருந்தே ஆகணும். புதுப் பொட்டி வாங்கினவனும் அதே சந்துலதான் ஒடுங்கிப் போகணும். அவனுக்குக் கடுப்பு வர்றது நியாயம்தான்.

ஹிட்மேன் தப்பிச்சதுக்குக் காரணம் அதோட அமைப்பு. துபாய்ல ஒரு கோபுரம், இங்கிலாந்துல ஒரு பங்களா, பெர்லின்ல ஒரு கிளப்பு. ஒவ்வொண்ணும் சுவர் வச்ச தனி இடம். ஆரம்பத்துல ஒரு தடவை காத்திரு, அப்புறம் உள்ளயே சுத்து. பழைய ஹார்டு டிஸ்க்குக்குத் தோதான கேம். இதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2020 டிசம்பர் 10, போலந்துலேர்ந்து சைபர்பங்க் 2077 வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது ஒரு முழு ஊரு. கார்ல வேகமாப் போகப் போக ஊரு லோடு ஆகிக்கிட்டே இருக்கணும். சாதா பிஎஸ்4-ல தாவு தீர்ந்து போச்சு. ஆளுங்க முகமே வரல, ரோடு வரல, கேம் பாதியில நின்னு போச்சு. ஒரு வாரத்துல சோனி அதைத் தன் கடையிலேர்ந்தே தூக்கி, வாங்கினவங்களுக்குக் காசைத் திருப்பிக் குடுத்துச்சு. திரும்ப வந்தது 2021 ஜூன்ல. 2023-ல அதோட கூடுதல் பகுதி (எக்ஸ்பான்ஷன்) வந்தப்போ பிஎஸ்4-க்கு இல்லைன்னுட்டாங்க. கை சுட்டது போதும்னு.

இன்னொரு வகை இருக்கு, அதான் எனக்கு ஆகவே ஆகாது. 2015-ல கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 3 வந்துச்சு. பிஎஸ்3-க்கும் விட்டாங்க, ஆனா கதை நடக்கிற பகுதிய அப்படியே வெட்டிட்டு! சாம்பார்ல காயையெல்லாம் எடுத்துட்டு தண்ணிய ஊத்தின கதை. பழைய பொட்டிக்காரன் இளிச்சவாயன்னு நினைப்பு. இதுக்கு "உனக்கு இல்ல"ன்னு நேரா சொல்லிட்டுப் போயிடலாம். முழுசா குடு, இல்லைன்னா குடுக்காத, இதான் என் கட்சி. மாத்துக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம்.

சோனியையும் சும்மா விடமுடியாது. 2020-ல தலைமுறைகள் மேல எங்களுக்கு நம்பிக்கை உண்டு, புதுப் பொட்டின்னா அதுக்குன்னே தனி கேம்னு வீராப்பா பேசினாங்க. 2022-ல என்ன நடந்துச்சு? ஹொரைசன் ரெண்டாம் பாகம், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக், மூணு பெரிய கேமும் பிஎஸ்4-க்கும் வந்துச்சு. கல்லாப்பெட்டி முன்னாடி கொள்கை என்ன பண்ணும்.

ஆக, தம்பி கேள்விக்கு வருவோம். 007 ஃபர்ஸ்ட் லைட்டுக்கு 2025 ஜூன்ல பொட்டிப் பட்டியல் சொன்னப்போ பிஎஸ்5 இருந்துச்சு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இருந்துச்சு, பிசி இருந்துச்சு, அந்த மாசம்தான் கடைக்கு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கூட இருந்துச்சு. பிஎஸ்4 இல்ல. 2025 ஜூன் முடிய பிஎஸ்5 8 கோடி போயாச்சு. இருபது தெரு கணக்கு முடிஞ்சு போச்சு. ஸ்விட்ச் 2 கையில தூக்கிட்டுப் போற பொட்டி, பிஎஸ்5 அளவுக்குப் பலம் கிடையாது. அதுக்காக மெனக்கெட்டு இறக்குறாங்க, ஆனா பிஎஸ்4-க்கு இறக்கல. ஏன்னா ஸ்விட்ச் 2 வச்சிருக்கிறவன் இப்பதான் பொட்டி வாங்கியிருக்கான், அடுத்து கேம் வாங்குவான். என் தம்பி மாதிரி ஆளு பொட்டி வாங்கினது செகண்ட் ஹேண்ட், கேம் வாங்குறது தள்ளுபடியில. கம்பெனிக் கணக்குல அவன் பேரு அடிபட்டுப் போச்சு.

நேத்து அவனுக்கு ஃபோன் பண்ணி இதையெல்லாம் விலாவாரியா சொன்னேன். பயல் பொறுமையா கேட்டான்.

"அப்ப நம்ம பொட்டி செத்துப்போச்சுங்கிறியா?"

"சாகலடா. புது சரக்கு நின்னு போச்சு, அவ்வளவுதான்."

"அரைகுறையா வெட்டிப் போட்டுக் குடுத்தாக்கூட விளையாடுவேனே?"

பாருங்க, இவ்வளவு நேரம் கட்சி பேசினேன், சொந்தத் தம்பியே எதிர்க்கட்சி. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இங்க டிபிஏ-ங்கிற பழைய சாமான் விக்கிற தளத்துல பிஎஸ்5 என்ன விலைக்குப் போகுதுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஊருக்கு எடுத்துட்டு வந்தா கஸ்டம்ஸ்ல என்ன கேப்பான்னு தெரியல, பார்ட் டைம் வேலைல இன்னும் நாலு மாசச் சம்பளம் வேணும். அதை அவன்கிட்ட சொல்லல. ஆசை காட்டி மோசம் பண்ணக்கூடாது பாருங்க.

"சரி விடுண்ணே"ன்னான் அவனே. "ஹிட்மேன்ல ஃப்ரீலான்சர் இன்னும் முடிக்கல. நீ போறப்ப வச்சுட்டுப் போன சேவ், மும்பைலயே நிக்குது. அதுலேர்ந்து ஆடட்டுமா, அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆடட்டுமா?"

அழிக்காதன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி 1: ஐஓ ஆபீஸ் பக்கம் சைக்கிள்ல போய் விசாரிக்கச் சொல்லி இன்னும் யாராவது பின்னூட்டம் போட்டீங்கன்னா, கட்டுப்படியாகாது.

டிஸ்கி 2: தெருமுனை அண்ணன் கடை இப்ப மொபைல் ரீசார்ஜ் கடை. பிளட் மணி 2023 நவம்பர்ல ஃபோனுக்கே வந்துருச்சு. அவர்கிட்ட சொன்னா நம்பமாட்டேங்கிறார்.